சும்மா ஓர் அழைப்பு

ஜூன் 3

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே நான், உன் மாமா, அவருடைய பல் வைத்திய நாற்காலி மூவரும் நலம். அந்தப் பள்ளத்தாக்குக் குளிர் உங்களை ரொம்பப் படுத்தாமல் இருக்கிறதா? குட்டிக்கு இருமல் என்று எழுதியிருந்தாய். இப்போது தேவலையா?

போன் இருந்தால் ஒரு நொடியில் கேட்டிருப்பேன். உங்கள் நிலையத்து ராட்சத டிஷ் பக்கத்தில் ஒரு செல்போன் சிணுங்கினால்கூட வானத்திலிருந்து வருகிற சத்தம் அதில் மூழ்கிப்போகும் என்று ஊருக்கே போன் தடை. நியாயம்தான். நிலையத்தில் இருக்கிற ஆபீஸ் தொலைபேசியில் குடும்பக் கதை பேச விடமாட்டார்கள். ஆனாலும் இந்தக் காலத்தில் தம்பிக்குத் தபால்தலை ஒட்டுகிற அக்கா நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

உன் மனைவி போன கடிதத்தின் அடியில் ஒரு கேள்வி கேட்டிருந்தாள். "அவ்வளவு தூரத்துல வாயாடிக்கு ஏதாவது ஆச்சுன்னா யாரு பாப்பாங்க?" யாரும் பார்க்க மாட்டார்கள். நாம் சொல்லும் ஒரு வார்த்தை அந்த விண்கலத்துக்குப் போய்ச்சேர நான்கு மணி நேரம், பதில் வர இன்னொரு நான்கு. அதற்குள் அதன் கதை முடிந்துவிடும். அதனால் உடம்பில் எது கெட்டாலும் அதுவே கண்டுபிடித்து, அதுவே மாற்று ஏற்பாடு செய்து தன்னைக் காப்பாற்றிக்கொள்ள விதிகள் எழுதி அனுப்பியிருக்கிறோம். எழுதியவள் நான். என்னவெல்லாம் கெடும் என்று யோசித்தே சம்பளம் வாங்குவதால் ஆபீசில் எனக்குப் பெயர் பயந்தாங்கொள்ளி.

அதில் ஒரு விதி உனக்குத் தெரியும், அவளுக்கும் சொல். பத்து நாள் வீட்டிலிருந்து சத்தமே வராவிட்டால், தன் காது, அதாவது ரிசீவர், கெட்டுவிட்டது என்று வாயாடி முடிவு கட்டும். முதல் காதை அணைத்துவிட்டு இரண்டாம் காதைத் திறந்துகொள்ளும். அந்த இரண்டாம் காது மந்தமாகிப் பல வருஷம் ஆகிறது. அங்கே போனால் நாம் கத்தினாலும் கேட்காது. அப்படிப் போகாமல் இருக்கத்தான் நீங்கள் தினமும் ஒரு தடவை சும்மா கூப்பிடுகிறீர்கள். எதையும் செய்யச் சொல்லாத வெறும் அழைப்பு. அது காதில் விழுந்ததும் பத்து நாள் கணக்கு மறுபடி முதலிலிருந்து தொடங்கிவிடும்.

இந்த விதியை எழுதிய சமயத்தில் ஒருவர் கேட்டார், "காது நல்லாத்தான் இருக்கு, வீட்லயே யாரும் கூப்பிடலைன்னா?" அறையே சிரித்தது. "பெத்து அனுப்பிட்டு கூப்பிடாம இருப்பாங்களா?" என்று நானும் சிரித்தேன். அதோடு அந்தப் பேச்சு முடிந்துவிட்டது.

இப்போது விஷயம். எனக்குப் பித்தப்பையில் கல். பதினெட்டாம் தேதி ஆபரேஷன். மூன்று வாரம் ஆபீஸ் பக்கம் தலைவைத்துப் படுக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அந்த நாட்களில் வாயாடியின் பேச்சைக் கேட்க டிஷ் நேரம் கிடையாது, எல்லாம் அடுத்து அனுப்பப்போகிற புதுக் கலத்துக்கான ஏற்பாடுகளுக்குப் போய்விட்டது. கூப்பிட மட்டும் ஒரு நிமிடம் உண்டு. அந்த ஒரு நிமிடத்தை விட்டுவிடாதே. டிஷ்ஷை ரொம்ப நாள் நிறுத்துவதாக இருந்தால் வழக்கம்போல எனக்குச் சொல்லிவிட்டு நிறுத்துங்கள், பத்து நாள் கணக்கை முப்பதாக நீட்டி அனுப்பிவிடலாம். கட்டிலில் படுத்துக்கொண்டாவது ஏற்பாடு செய்வேன். நிலையத்தில் வேறு யாரிடமும் கேட்கவில்லை, உன்னிடம்தான் கேட்கிறேன்.

மாமா உன் கடைவாய்ப் பல்லை விசாரித்தார்.

அன்புடன்,
அக்கா


ஜூன் 12

அன்புள்ள அக்காவுக்கு,

தூங்குமூஞ்சி எழுதுவது. நாங்கள் மூவரும் சௌக்கியம். குட்டியின் இருமல் போய்விட்டது, வாய்தான் அதிகமாகிவிட்டது. கடைவாய்ப் பல் இருக்கிற இடத்திலேயே இருக்கிறது, மாமா கண்ணில் படாமல் பார்த்துக்கொள்கிறேன்.

கல்லை இத்தனை நாள் யாரிடமும் சொல்லாமல் வயிற்றில் வைத்துக்கொண்டு திரிந்திருக்கிறாயே! ஊரில் இருக்கிற கோளாறை எல்லாம் கண்டுபிடிக்கிறவளுக்குத் தன் வயிற்றில் இருப்பது தெரியவில்லையா? வர முடியாமல் போகிறதே என்று எனக்கு ஆத்திரமாக இருக்கிறது. ஒன்பது வருஷமாகக் கான்ட்ராக்ட். லீவு கேட்டாலே எங்கள் நிலையத் தலைவர் முகத்தைச் சுளிக்கிறார். இந்த வருஷம் நிரந்தரம் ஆக்குகிறவர்களில் என் பெயர் இருக்கிறதாம். வந்தால்தான் நிஜம்.

இங்கே ஒரு கூத்து. குட்டிக்கு யாரோ ரிமோட் வைத்த பொம்மைக் கார் கொடுத்துவிட்டார்கள். அவள் முற்றத்தில் ஓட்டியதும் கட்டுப்பாட்டு அறையில் எல்லோரும் வேற்றுக்கிரகச் செய்தி வந்துவிட்டது என்று எழுந்து நின்றுவிட்டார்களாம். தலைவரே நேரில் வந்து காரைப் பறித்துக்கொண்டு போனார்.

வாயாடியை என்னிடம் விட்டுவிடு. தினமும் கூப்பிடுவேன். என் குழந்தையைக் கூப்பிட மறந்தாலும் உன் குழந்தையைக் கூப்பிட மறக்கமாட்டேன். போதுமா? நிம்மதியாகப் போய்ப் படுத்துக்கொள்.

அன்புத் தம்பி


ஜூலை 6

அன்புள்ள அக்காவுக்கு,

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று மாமாவின் தந்திபோன்ற நாலு வரிக் கடிதம் வந்தது. "கல் பெரிது, உன் அக்கா தைரியசாலி, பல் தேய், பிறகு எழுதுகிறேன்." நாங்கள் மூவரும் நலம். உன் மருமகள் உனக்காக ஒரு கல் பொறுக்கி வைத்திருக்கிறாள், எடுத்ததற்குப் பதிலாம்.

உன்னைச் சிரிக்க வைக்க ஒன்று சொல்கிறேன். தையல் பிரியாமல் சிரி. போன வாரத்துக்கு முந்தின வாரத்திலிருந்து இங்கே மழை. டிஷ்ஷின் நடுவில் தண்ணீர் வடிகிற துளையை இலை அடைத்துக்கொண்டது. உள்ளே முழங்கால் அளவு தண்ணீர், குளம் மாதிரி. எங்கிருந்தோ பறவைகள் கூட்டமாக வந்துவிட்டன. ஒரு வாரம் தினமும் காலையில் வந்து ஆசை தீரக் குளித்துவிட்டுப் போயின. வானத்தைக் கேட்கிற காதில் கச்சேரி! கடைசியில் நான்தான் ஏறிப்போய் இலையை அள்ளினேன். ஒரு கிழட்டுப் பறவை என்னை முறைத்த முறை இருக்கிறதே, அசல் எங்கள் தலைவர்.

நன்றாகத் தூங்கு, நன்றாகச் சாப்பிடு. இங்கிருப்பதைப் பற்றி யோசிக்காதே.

அன்புத் தம்பி


ஜூலை 20

அன்புள்ள தம்பிக்கு,

நான் நலம். தையல் ஆறிவிட்டது. உன் பறவைக் கடிதத்தை மாமாவுக்கு இரண்டு முறை வாசித்துக் காட்டினேன். சிரித்ததில் வலி எடுத்து மாத்திரை போட வேண்டியதாயிற்று.

ஆனால் இந்தக் கடிதத்தில் சிரிப்பதற்கு எதுவும் இல்லை. நேற்றுத்தான் வாயாடியின் பேச்சைக் கேட்க நேரம் கொடுத்தார்கள். அது இரண்டாம் காதுக்கு மாறிவிட்டது. ஒரு சுற்றுச் சுற்றி வீட்டைத் தேடியிருக்கிறது, அதற்கு எரிபொருளும் செலவாகிவிட்டது. நாம் சொல்வது எதுவும் அதற்குக் கேட்கவில்லை. அது மட்டும் பேசிக்கொண்டே இருக்கிறது.

அப்படியானால் முதல் காது செத்துவிட்டது. சாவதற்கு முன் ஏதாவது அறிகுறி காட்டியிருக்கும், அதைக் கண்டுபிடிப்பதுதான் என் வேலை, நான் கோட்டை விட்டிருக்கிறேன். இரண்டு வருஷத் தரவை முதலிலிருந்து பார்க்க ஆரம்பித்திருக்கிறேன்.

உன்னிடம் ஒன்று மட்டும் கேட்க வேண்டும், கேட்காவிட்டால் என் வேலை முழுமையாகாது. அந்த நாட்களில் தினமும் கூப்பிட்டீர்கள் அல்லவா? ஒரு நாள்கூட விடவில்லையே? ஆபீஸ் பதிவுக்கு எழுத்தில் வேண்டும், இரண்டு வரி போதும். இந்த வாரத் தபால் வண்டியிலேயே அனுப்பிவிடு.

அன்புடன்,
அக்கா


ஆகஸ்ட் 28

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீயும் மாமாவும் நலமாக இருக்க வேண்டும். தாமதமாக எழுதுவதற்கு மன்னித்துக்கொள். குட்டியைப் பள்ளியில் சேர்த்த அலைச்சல், மழையில் வீட்டுக்கூரை ஒழுக்கு, ஒன்று போனால் ஒன்று.

உனக்குத்தான் முதலில் சொல்கிறேன். என்னை நிரந்தரம் ஆக்கிவிட்டார்கள்! ஷிப்டுப் பொறுப்பாளர் பதவியும் சேர்த்து. உத்தரவு கைக்கு வந்ததும் உன் நினைவுதான் வந்தது. கான்ட்ராக்டில் சேரவே மாட்டேன் என்று அடம்பிடித்தவனை "போடா, நானும் அந்த வேலையில்தானே இருக்கேன்" என்று தள்ளிவிட்டது நீ. இவள் அழுதேவிட்டாள். இனிமேல் வருஷா வருஷம் பெட்டி கட்டி வைத்துக்கொண்டு பயப்பட வேண்டாம்.

நீ கேட்டிருந்த விஷயத்தைத் தலைவரிடம் சொல்லியிருக்கிறேன். முறைப்படி அவர்தான் பதில் தர வேண்டும்.

குட்டி அந்தக் கல்லை இன்னும் வைத்திருக்கிறாள்.

அன்புத் தம்பி


செப்டம்பர் 5

என் செல்லத் தூங்குமூஞ்சிக்கு,

நாங்கள் நலம். உன் கடிதம் வந்த அன்றைக்கு மட்டும் சரியாகச் சாப்பிட்டேன். நிரந்தரம்! ஒன்பது வருஷம் நாய்படாத பாடு பட்டாய். சட்டைக்கு நீலத் துணி வாங்கி இத்துடன் அனுப்பியிருக்கிறேன். அளவாகத் தைக்கச் சொல், போன முறைபோல உள்ளே இன்னொருவர் குடியிருக்கலாம் போலத் தைத்துவிடப் போகிறார்கள்.

என் சங்கதி அவ்வளவு நன்றாக இல்லை. விசாரணைக் குழு உட்கார்ந்தது. நிலையத்தை ஸ்பீக்கரில் அழைத்தார்கள். உங்கள் தலைவர்தான் பேசுவார் என்று நினைத்தேன். "ஒரு நாள் விடாம தினமும் கூப்பிட்டோம் சார்" என்று உன் குரல் வந்தது. எவ்வளவு மாதம் கழித்து உன் குரலைக் கேட்கிறேன்! அத்தனை பேர் நடுவில் கண் கலங்கிவிட்டது. என்னைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தியிருக்கிறார்கள், நான் தம்பி குரலைக் கேட்டு மூக்கைச் சிந்திக்கொண்டு நிற்கிறேன்.

தினமும் கூப்பிட்டும் கேட்கவில்லை என்றால் காது செத்ததுதான் காரணம், அறிகுறியைக் கவனிக்காமல் விட்டவள் நான். அப்படித்தான் எழுதியிருக்கிறார்கள். வாயாடியைக் கைவிட்டாகிவிட்டது, அதன் நேரம் முழுவதும் புதுக் கலத்துக்கு. என்னைப் பயிற்சிப் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். ஜன்னல் இல்லாத அறை. புதிதாகச் சேர்கிறவர்களுக்குப் படம் போட்டுப் பாடம் தயாரிக்க வேண்டும். தலைப்பு, தவறுகளைக் கண்டுபிடிப்பது எப்படி. கிண்டலாகக் கொடுத்தார்களா, யோசிக்காமல் கொடுத்தார்களா என்று தெரியவில்லை.

இன்னும் தரவைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். ஒரு அறிகுறிகூட இல்லை தம்பி. அந்தக் காது கடைசி நாள்வரை கல்லுப்போல இருந்திருக்கிறது. எனக்குப் பார்க்கத் தெரியவில்லை போல. பதினேழு வருஷம் எப்படி இந்த வேலையைச் செய்தேன் என்று என்மேலேயே எனக்குச் சந்தேகமாக இருக்கிறது.

அன்புடன்,
அக்கா


செப்டம்பர் 19

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் நலம். துணி வந்தது. நல்ல நீலம்.

இப்படி உன்னை நீயே வருத்திக்கொள்ளாதே. தவறு எல்லோருக்கும் நடப்பதுதான். பழைய கலம், அதன் காலம் முடிந்துவிட்டது என்று வைத்துக்கொள். அந்தத் தரவை மூடிவிட்டு மாமாவோடு எங்காவது நாலு நாள் போய்வா.

அன்புத் தம்பி


அக்டோபர் 1

தம்பிக்கு,

நலம் விசாரிக்கிற மனநிலையில் நான் இல்லை.

நேற்று மாடிக்குத் துணி எடுக்கப் போனேன். மூலையில் கிடந்த அகலத் தொட்டியில் மழைத்தண்ணீர் நின்றிருந்தது. இரண்டு சிட்டுகள் குளித்துக்கொண்டிருந்தன. உன் கடிதம் நினைவுக்கு வந்து எனக்கு நானே சிரித்துக்கொண்டேன். உன் மாமா வந்து, "கொசு வரும்" என்று தொட்டியை ஒரு பக்கம் சாய்த்தார். தண்ணீர் மொத்தமும் கொட்டிவிட்டது, சிட்டுகள் பறந்துவிட்டன. நான் துணியைக் கீழே போட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

ஒரு வாரம் டிஷ்ஷில் தண்ணீர் நின்றது என்று எழுதினாயே. வாயாடி இருப்பது அடிவானத்தை ஒட்டி. கூப்பிட வேண்டுமென்றால் டிஷ்ஷைக் கிட்டத்தட்டக் கவிழ்க்க வேண்டும். தினமும் ஒரு நிமிடம் சாய்த்திருந்தால் அதில் ஒரு பறவை நனைகிற அளவுக்காவது தண்ணீர் மிஞ்சியிருக்குமா? டிஷ் வானத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா கிடந்திருக்கிறது. நீங்கள் கூப்பிடவே இல்லை.

காது சாகவில்லை. அறிகுறி இல்லாததற்குக் காரணம் நோயே இல்லை. இல்லாத ஒன்றை இரண்டரை மாதம் கண் எரியத் தேடினேன். தூங்கவில்லை. என் கணவரிடம் எரிந்து விழுந்தேன். எனக்கு மூளை மழுங்கிவிட்டது என்று நானே நம்பிவிட்டேன். நீ அங்கே உட்கார்ந்துகொண்டு, தவறு எல்லோருக்கும் நடப்பதுதான் என்று எழுதுகிறாய்! எந்தக் கையால் எழுதினாய் அதை?

வாயாடிக்குக் கேட்காமல் போனதும், எதெது கெட்டிருக்கலாம் என்று அதற்கு நான் கொடுத்த பட்டியலை ஒவ்வொன்றாகச் சோதித்துப் பார்த்தது. எல்லாம் அதன் உடம்பிலேயே இருக்கிற உறுப்புகள். அந்தப் பட்டியலில் வீடு இல்லை. எனக்கும் அப்படித்தான். என் கண், என் கணக்கு, என் மூளை, எல்லாவற்றையும் சந்தேகப்பட்டேன். உன்னை அதில் சேர்க்க வேண்டும் என்று ஒரு கணம்கூடத் தோன்றவில்லை.

ஏன் செய்தாய் என்று பிறகு கேட்கிறேன். இப்போது இதைச் செய். இரண்டாம் காதில் நூறு நாள் காத்திருக்கும்படிதான் விதி. அது முடிந்ததும், இந்த மாதம் பத்தாம் தேதி, இன்னொரு சுற்றுச் சுற்றி முதல் காதைத் திறக்கும். இருபதுவரை காத்திருக்கும். அப்போதும் சத்தம் இல்லாவிட்டால் அடுத்த சுற்றுக்கு எரிபொருள் இல்லை, எல்லாவற்றையும் அணைத்துக்கொண்டு படுத்துவிடும். காது செத்துவிட்டது என்று நம்புகிற ஆபீஸ் எனக்கு ஒரு நிமிடம் தராது. கேட்டுப் பார்த்துவிட்டேன், சிரித்தார்கள். அந்த நம்பிக்கையைக் கொடுத்தவன் நீ. நீதான் கூப்பிட வேண்டும்.

அக்கா


அக்டோபர் 24

அன்புள்ள அக்காவுக்கு,

கூப்பிட்டேன். பதில் வந்துவிட்டது.

டிஷ் புதுக் கலத்தை நோக்கித் திரும்புகிற இடைவெளியில் ஒரு நிமிடம் வழியில் நிறுத்தினேன். எட்டு மணி நேரம் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. சாப்பாட்டை இவள் கொண்டுவந்து வைத்தாள், தொடவில்லை. பிறகு அந்த மெல்லிய கோடு திரையில் எழும்பியது. அது சொன்னதை அப்படியே எழுதுகிறேன். முதல் காது சரி. இரண்டாம் காது மந்தம். வீட்டைத் தேடி இரண்டு முறை சுற்றினேன். தவறு எதுவும் கண்டுபிடிக்க முடியவில்லை.

அதைப் படித்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது அக்கா.

ஜூனில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன், டிஷ்ஷின் அச்சு தேய்ந்திருந்தது. புதுக் கலம் கிளம்புவதற்கு முன்னால் மாற்றியாக வேண்டும். "உங்க அக்காகிட்ட சொன்னா கணக்கை நீட்டணும், கூட்டம் போடணும்னு ஒரு மாசம் இழுப்பாங்க. எட்டு நாள் வேலை, பேசாம முடிச்சிடலாம்" என்றார் தலைவர். மழையில் பதினான்கு நாளாகிவிட்டது. எட்டாவது நாளே உனக்கு ஒரு வரி அனுப்பியிருக்க வேண்டும். ஆபீஸ் தொலைபேசி கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. நீ கட்டிலில் கிடப்பாய் என்று என்னை நானே சமாதானம் செய்துகொண்டேன். விசாரணையில் என்னையே பேசச் சொன்னார்கள், நான் சொன்னால் நீ நம்புவாய் என்று. நிரந்தர உத்தரவு கைக்கு வந்திருந்தாலும் மேலிடத்துக் கையெழுத்து அதுவரை விழவில்லை.

இன்னொன்று. உனக்கு வேறு யாராவது சொல்வதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். வாயாடி பேசியது தெரிந்ததும் தலைவர் அதை நிலையத்தின் விடாமுயற்சி ஆக்கிவிட்டார். காது தற்காலிகமாக அடைத்துத் தானாகத் திறந்துகொண்டதாம். விதிதான் அவசரப்பட்டு மாற்றிவிட்டதாம். கூட்டம் போட்டு எனக்குக் கேடயம் கொடுத்தார்கள். உன் பெயரைச் சொல்லத்தான் மேடை ஏறினேன். எல்லோரும் கைதட்டிக்கொண்டிருந்தார்கள், குட்டி முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். சொல்ல முடியவில்லை.

உன் வாயாடி பிழைத்துவிட்டது. அது போதாதா அக்கா?

உன் தம்பி


நவம்பர் 15

தம்பிக்கு,

கடிதம் கிடைத்தது. வாயாடியின் வார்த்தைகளை எழுதி அனுப்பியதற்கு நன்றி. அந்தத் தாளை மட்டும் தனியாகக் கிழித்து வைத்துக்கொண்டேன்.

கேடயத்தின் படம் ஆபீஸ் பலகையில் ஒட்டியிருக்கிறார்கள். நீலச் சட்டை நன்றாகப் பொருந்தியிருக்கிறது.

என்னைப் பயிற்சிப் பிரிவிலிருந்து ஒரு வாரத்துக்குக் கூப்பிட்டார்கள். அவசரப்பட்ட விதியை, எழுதியவளே திருத்த வேண்டுமாம். போனேன். என் பழைய நாற்காலியில் புதுப் பெண் ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாள், எழுந்து இடம் கொடுத்தாள். பத்து நாள் கணக்கில் நான் கைவைக்கவில்லை, அதில் தவறு கிடையாது. பட்டியலின் கடைசியில் ஒரு வரி சேர்த்தேன். எல்லா உறுப்பும் சரியாக இருந்தால், எதையும் மாற்றாதே, சுற்றாதே, வீடு கூப்பிடவில்லை என்று எடுத்துக்கொண்டு காத்திரு.

அந்தப் பெண் படித்துவிட்டுக் கேட்டாள், "மேடம், வீட்லேர்ந்து கூப்பிடாமகூட இருப்பாங்களா?" இருப்பாங்கம்மா என்றேன். தண்ணீர் குடிக்கிற சாக்கில் வெளியே போய்விட்டேன்.

போதாதா என்று கேட்டாய். போதாது. முதலில் செய்ததை என்னால் புரிந்துகொள்ள முடிகிறது. ஒன்பது வருஷப் பயம் என்னவென்று எனக்குத் தெரியும், குட்டியையும் வைத்துக்கொண்டு அந்தத் தலைவரை எதிர்த்துப் பேசுவது லேசில்லை. ஆனால் மேடையில் உன் கையில் மைக் இருந்தது, உத்தரவில் கையெழுத்தும் விழுந்துவிட்டது. யாரும் உன் கழுத்தைப் பிடிக்கவில்லை. என் பெயரைச் சொல்லவே ஏறினவன் கேடயத்தோடு இறங்கினாய். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

விசாரணைக் குழுத் தலைவரிடம் நீயே சொல். டிஷ் பதினான்கு நாள் நின்றது, கூப்பிடவில்லை, காதும் விதியும் சரி என்று மூன்று வாக்கியம். நிரந்தர வேலையை இதற்காகப் பிடுங்க மாட்டார்கள், பதவி போகலாம். இந்தக் கடிதம் உன் கைக்கு வருகிற நாளிலிருந்து பத்து நாள் பார்ப்பேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா


நவம்பர் 26

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் மூவரும் நலம். உங்கள் இருவரின் நலமும் தெரிய ஆசை.

இங்கே குளிர் ஆரம்பித்துவிட்டது. குட்டிக்கு முன்பல் ஒன்று விழுந்துவிட்டது, மாமாவிடம் காட்ட வேண்டும் என்று தாளில் மடித்து வைத்திருக்கிறாள். டிஷ்ஷில் தண்ணீர் வடிகிற துளைக்கு வலை போட்டுவிட்டோம். அந்தப் பறவைகள் அப்புறம் வரவில்லை.

நீ கேட்டதற்கு இந்தக் கடிதத்தில் பதில் இல்லை. முதலில் எங்கள் தலைவரிடம் சொல்லிவிடலாம் என்று அவர் அறைவரை இரண்டு முறை போய்த் திரும்பிவிட்டேன். இவளிடமும் இன்னும் சொல்லவில்லை. பத்து நாள் முடிவதற்குள் உன் கைக்கு ஏதாவது வந்து சேரட்டும் என்றுதான் எழுதுகிறேன். சும்மா ஓர் அழைப்பு என்று வைத்துக்கொள். கணக்கை மறுபடி முதலிலிருந்து தொடங்குவாயா அக்கா?

உன் தூங்குமூஞ்சி


டிசம்பர் 3

தம்பிக்கு,

நானும் உன் மாமாவும் நலம். உன் கடிதம் ஒன்பதாவது நாள் வந்தது. வெறும் அழைப்புக்குக் கணக்கைத் திருப்பி வைப்பது வாயாடியின் பழக்கம். அது இயந்திரம். நான் உன் அக்கா, எனக்குப் பதில் வேண்டியிருந்தது.

பத்தாவது நாளும் காத்திருந்தேன். பதினோராவது நாள் காலையில் குழுத் தலைவர் அறைக்கு நானே போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். டிஷ், மழை, பதினான்கு நாள், ஸ்பீக்கரில் வந்த குரல், எல்லாம். நிலையத்துக்கு அடுத்த வாரம் ஆள் வருகிறார்கள். அவர்கள் வருவதற்கு முன் உன் மனைவியிடம் நீயே சொல்லிவிடு, வேறு யார் வாயிலிருந்தும் அவள் கேட்க வேண்டாம். அது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

எல்லாம் கேட்டுவிட்டு அவர் பேனாவைக் கீழே வைத்தார். "உங்களுக்கு எப்ப சந்தேகம் வந்துச்சு?" என்றார். தொட்டியைச் சாய்த்தபோது என்றேன். "அதுக்கு முன்னாடி ஒரு தடவைகூட வரலையா? நீங்கதானே எல்லாத்தையும் சந்தேகப்படுற ஆளு?" என்றார். அவன் என் தம்பி சார் என்றேன். அவர் பேனாவை எடுத்து எழுதத் தொடங்கினார்.

குட்டியின் பல்லைத் தபாலில் அனுப்பு. மாமா கேட்டார்.

அக்கா